கருவி தந்த மலையும் கண் கண்ட மலையும்

மலை ஒன்றைத் தீட்ட விரும்பிய ஓவியன் முற்காலத்தில் முதலில் தன் கையைப் பழக்க வேண்டியிருந்தது. தூரிகையைப் பிடிக்கும் முறையையும், நீரும் வண்ணமும் கலக்கும் அளவையும், கோட்டை நடுக்கமின்றி இழுக்கும் திறத்தையும் கற்பதற்குள் அவனுக்கு ஆண்டுகள் பல கழிந்தன. அந்த ஆண்டுகளில் கை மட்டுமா பழகியது? கண்ணும் உடன் பழகியது. கோடு பிழையாக வந்தபோதெல்லாம் அவன் மீண்டும் மலையை நிமிர்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு மீண்டும் வரைந்தான். கையின் தடுமாற்றமே அவனைப் பன்முறை மலையின்பால் திருப்பி அனுப்பியது எனலாம்.

இன்று நிலக்காட்சிகளை உருவாக்கித் தரும் கணினி மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றைத் திறந்து சில பொத்தான்களை அழுத்தினால் மலைத்தொடரும் ஏரியும் மேகமும் மாலை வெயிலும் சில நிமிடங்களில் திரையில் எழுகின்றன. கை பழக வேண்டுவதில்லை. கண் பழகுமுன்னரே படம் முடிந்துவிடுகிறது. அங்ஙனம் முடிந்த படம் அழகாகவும் இருக்கிறது என்பதில்தான் சிக்கல் பிறக்கிறது. அழகற்றதாக இருந்திருப்பின், கற்பவன் தன் குறையை உணர்ந்து மேலும் முயல்வான். அழகாக இருப்பதனால் சுற்றியுள்ளோர் பாராட்டுகின்றனர்; அவனும் மகிழ்கிறான். காணாமலே கைக்கு வந்த அந்த அழகு யாருடையது? அதனைப் பெற்றவன் கலைஞனாக வளர்வதற்குரிய நோக்கு அவனுக்கு எங்கிருந்து வரும்?

இம்மென்பொருள்கள் மலையை எவ்வாறு படைக்கின்றன என்பதைச் சிறிதேனும் அறிந்தாலன்றி இவ்வினாக்களுக்கு விடை காண இயலாது. 1975ஆம் ஆண்டில் பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர் ‘ஃபிராக்டல்’ என்ற சொல்லை வழங்கினார். மலையின் ஒரு துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதனுள்ளும் முழு மலையை ஒத்த கரடுமுரடே தெரியும். கடற்கரையின் வளைவிலும் மேகத்தின் விளிம்பிலும் இதே இயல்பு உண்டு. இத்தகைய வடிவங்களைக் கணிதத்தால் விளக்கலாம் என்று அவர் காட்டினார். விளக்கக் கூடியதை ஆக்கவும் கூடும் அல்லவா? 1980இல், போயிங் விமான நிறுவனத்தில் பணிபுரிந்த லாரன் கார்ப்பெண்டர் என்பவர் ‘வோல் லீப்ர்’ என்னும் குறும்படத்தைச் செய்து காட்டினார். இரண்டு நிமிட அளவே ஓடும் அப்படத்தில், உலகில் எங்கும் இல்லாத மலைகளின் மேலே பார்வை பறந்து செல்கிறது. 1985இல் கென் பெர்லின் வெளியிட்ட கணக்கு முறை, ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கலந்த எண்பரப்பு ஒன்றை உண்டாக்கித் தந்தது. பாறைக்கும் மேகத்துக்கும் நீரின் சிற்றலைக்கும் அது இன்றளவும் பயன்படுகிறது. 1994இல் வெளிவந்த ‘பிரைஸ்’ என்னும் மென்பொருளும், அதன் பின்னர் மாட் ஃபேர்கிளஃப் உருவாக்கிய ‘டெராஜென்’ என்பதும் இக்கணிதத்தைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயரே முதலாவதற்கு இடப்பட்டது. இல்லாத நிலங்களைப் படைக்கும் கருவிக்கு இருக்கும் நிலம் ஒன்றின் பெயர் வாய்த்தது சுவையான பொருத்தமே.

நிலப்பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம் என்று கணினி எண்களை அடுக்கிக்கொள்கிறது. அந்த எண்கள் ஒரு விதை எண்ணிலிருந்து முளைக்கின்றன. விதையை மாற்றினால் வேறொரு மலைத்தொடர் எழும். சூரியன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்க வேண்டும், காற்றில் எவ்வளவு ஈரம் வேண்டும், எந்த உயரத்துக்கு மேல் பனி படிய வேண்டும் என்பனவற்றைப் பயன்படுத்துவோன் குறிப்பிடுகிறான். குறிப்பிடாவிட்டால் மென்பொருள் தானே ஓர் அளவை வைத்துக்கொள்கிறது. பிறகு ஒளி எங்கே விழும், நிழல் எங்கே நீளும் என்பதைக் கணக்கிட்டுப் படத்தை முடித்துத் தருகிறது. மலை எங்ஙனம் தோன்றும் என்பது அதற்குத் தெரியும். அந்த மலையை ஒருவன் ஏன் நோக்க வேண்டும் என்பது தெரியாது.

படைப்பின் உரிமை பற்றி இரு தரப்பினர் வழக்காடுவதுண்டு. கணினி செய்ததைத் தன் கலை என்று கூறுவது பிறர் சமைத்த உணவைத் தன் கைப்பக்குவம் என்று பரிமாறுவது போலாகும் என்பது ஒரு தரப்பு. ஒளிப்படக் கருவி வந்த காலத்திலும் இப்படித்தான் குறை கூறினார்கள், கருவி எதுவாயினும் முடிவில் கிடைக்கும் படமே கணக்கு என்பது மற்றொரு தரப்பு. முதல் தரப்பினர் தற்செயலைக் கண்டு அஞ்சுகின்றனர். ஆயின் தற்செயல் கலைக்குப் புதியதன்று. கறை படிந்த சுவர்களை உற்று நோக்கினால் மலையும் ஆறும் தோன்றும் என்று லியனார்டோ டா வின்சி எழுதி வைத்தார். 1785ஆம் ஆண்டையொட்டி, இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கோசென்ஸ் என்னும் ஓவிய ஆசிரியர், தாளில் மையை விரைந்து கறையாக இட்டு அக்கறையிலிருந்து நிலக்காட்சியைக் கண்டெடுக்கும் முறையை வகுத்து அதற்கென ஒரு நூலே எழுதினார். மைக்கறை தந்த குன்று மாணவனுக்கு உரியதானால் விதை எண் தந்த குன்றும் உரியதாகலாம்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதன்று. கறையில் குன்றைக் காண்பதற்குக் குன்றை முன்பே அறிந்த கண் வேண்டும். அறியாதவனுக்குக் கறை கறையாகவே நின்றுவிடும். கணினியோ கறையைத் தருவதில்லை. முடிந்த குன்றையே தருகிறது. இரண்டாம் தரப்பினர் ஒளிப்படத்தை ஒப்புமை காட்டும்போதும் இதனையே மறக்கின்றனர். ஒளிப்படக் கலைஞன் மலை இருக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். சில நாள் வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். கருவி எளிதாயினும் அது அவனைக் காட்சியின் முன்னே கொண்டுபோய் நிறுத்தியது. தூரிகையும் மைக்கறையும் ஒளிப்படக் கருவியும் தத்தம் முறையில் காணும்படி கட்டாயப்படுத்தின. நிலக்காட்சி மென்பொருள் அக்கட்டாயத்தை நீக்கிவிட்டது. இனிக் காண்பதும் காணாமல் விடுவதும் கற்பவனின் விருப்பம். எவரும் வற்புறுத்தாத இடத்தில் ஒருவன் எதைச் செய்கிறான் என்பது அறத்தின்பாற்பட்ட வினா ஆதலால், இது கலைத்திறன் பற்றிய பேச்சோடு நிற்பதில்லை.

பழகுநர்கள் செய்யும் முதற் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றின் ஒருமைப்பாடு வியப்பைத் தரும். கூரிய சிகரம், அதன்மேல் பனி, அடியில் கண்ணாடி போன்ற ஏரி, அடிவானத்தில் பொன்னிறச் சூரியன். கிள்ளானில் பிறந்தவனும் ஈசூனில் பிறந்தவனும் இதையே செய்கிறார்கள். மலேசியாவின் மிக உயர்ந்த மலையாகிய கினபாலு 4,095 மீட்டர் உயரம் உடையது. அதன் உச்சியில்கூட நிலைத்த பனி இல்லை. வழவழப்பான சாம்பல் நிறக் கருங்கல் வெளியே உள்ளது. காலையில் தெளிவாகத் தெரியும் அவ்வுச்சி, வெயில் ஏறுவதற்குள் கீழிருந்து எழும் முகிலில் மறைந்துவிடும். இதைக் கண்ட ஒருவனும் பனிச்சிகரத்தைத்தான் படைக்கிறான் என்றால், அவன் கண் எங்கே இருந்தது? நாள்காட்டிப் படங்களும் மென்பொருள் தானே வைத்துக்கொண்ட அளவுகளும் அவனுக்காகக் கண்டுவிட்டன.

காணாததைக் கற்பனை செய்வது குற்றமா என்று கேட்கலாம். குற்றமன்று. கம்பர் பாடிய கோசல நாட்டின் வளத்தில் சோழநாட்டு வயலும் வாய்க்காலும் தெரிகின்றன என்பர் அறிஞர் பலர். காணாத நாட்டைப் புனையக் கண்ட நாட்டின் ஈரம் அவருக்குக் கைகொடுத்தது. கண்ட நிலம் ஏதும் மனத்தில் இல்லாதவனுடைய கற்பனையோ பிறர் கற்பனையின் நிழலாகவே முடியும். கணினி வந்ததனால்தான் இக்கேடு நேர்ந்தது என்று கூறுவதும் பொருந்தாது. டச்சுக்காரர் ஆண்ட காலத்து இந்தோனேசியாவில் மலை, தென்னை, நெல்வயல் என்னும் மூன்றையே திரும்பத் திரும்பத் தீட்டி விற்ற ஓவியர்கள் இருந்தனர். ‘அழகிய இந்தியத் தீவுகள்’ என்று பெயர் பெற்ற அப்பாணியை, 1930களின் இறுதியில் சுஜோயோனோ என்னும் ஓவியர் கடுமையாகக் கண்டித்தார். வயலில் உழைத்த மக்களின் வாழ்வு அப்படங்களில் இல்லை என்பது அவருடைய குறை. தூரிகை பிடித்த கையும் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்ய வல்லது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இயற்கைக் காட்சிகளைத் தேடிச் சென்ற பயணிகள் சிலர், ‘குளோட் கண்ணாடி’ எனப்பட்ட கருநிறக் குவியாடி ஒன்றைக் கையில் கொண்டு சென்றனர். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, அக்கண்ணாடியில் சிறிதாகவும் மென்மையாகவும் தெரியும் மலையையே அவர்கள் சுவைத்தனர். தாமஸ் கிரே என்னும் கவிஞர் 1769இல் இவ்வாறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே சேறு படிந்த பாதையில் மல்லாந்து விழுந்தார். விரல் முட்டிகளில் காயம் பட்டதோடு தப்பினார். மலையின் பக்கம் திரும்பி நின்றிருந்தால் விழாமல் இருந்திருப்பாரோ என்னவோ! முதுகைக் காட்டிக்கொண்டு காணும் வழக்கம் திரைக்கு முன்னரே தோன்றிவிட்டது.

நிலத்தை எவ்வாறு காண்பது என்பதற்குத் தமிழில் நெடிய மரபு உண்டு. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் வாழும் மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில், பறை முதலியன கருப்பொருள். அங்கு வாழ்வோரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இப்பாகுபாட்டைத் தமிழாசிரியர்கள் ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்துகின்றனர். தேர்வுக்குரிய பட்டியலாகவே அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நிலக்காட்சி மென்பொருளின் முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு அது கைக்கருவியாகவே உதவும் என்று கூறினால் நம்பாதோரும் இருக்கலாம். மென்பொருள் தருவது முதற்பொருள் முழுவதும், கருப்பொருளில் சிறு பகுதியும் ஆகும். நிலம் அதில் உண்டு. சூரியனின் உயரத்தை மாற்றும் வசதியால் பொழுதும் உண்டு. மரங்களைத் தூவும் வசதியும் உண்டு. தொழில் இல்லை, பறை இல்லை, உரிப்பொருள் அறவே இல்லை.

பொழுதைப் பற்றிய செய்தி ஒன்று ஈண்டுச் சிறப்பாக நினைக்கத் தக்கது. பாலைக்கு நண்பகலையும், முல்லைக்கு மாலையையும், குறிஞ்சிக்கு யாமத்தையும், மருதத்துக்கு வைகறையையும் பண்டைத் தமிழர் வைத்தனர். எல்லா நிலத்துக்கும் அந்திப் பொழுதே அழகு என்று அவர்கள் எண்ணவில்லை. பிரிந்து செல்வோன் நடக்கும் வெங்கானத்துக்குத் தலைக்கு மேல் நிற்கும் சூரியனே தக்கது. அங்கே நீண்ட நிழலும் பொன்னொளியும் இருந்தால் அது பாலையாகாது. பழகுநன் ஒவ்வொரு படத்திலும் சூரியனை அடிவானத்துக்கு இறக்குவது ஏன்? தாழ்ந்த ஒளி எந்த மேட்டையும் பள்ளத்தையும் கவர்ச்சியாகக் காட்டிவிடும். நிலத்தின் வடிவில் உள்ள வெறுமையை மறைத்துவிடும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே உள்ளது. ஆண்டில் இரு முறை நண்பகல் சூரியன் அங்கே நேர் உச்சிக்கு வருகிறது. மரத்தின் நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடக்கிறது. அந்தியோ விரைவில் முடிந்துவிடும். குளிர்நாட்டு நெடிய அந்தியை இங்குள்ள நிலத்தின்மேல் போர்த்துவது, அறியாது செய்யப்படின், பொய்யாகும்.

ஈப்போவில் வளர்ந்த மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளை நாள்தோறும் பள்ளிப் பேருந்தின் சாளரம் வழியே கண்டவள் அவள். அவற்றுள் ஒன்றை மென்பொருளில் அமைக்க முற்படுகிறாள். எத்தனை விதை எண்களை மாற்றினாலும் குன்று வருவதில்லை. மெல்லச் சரிந்து இறங்கும் மலைகளே வருகின்றன. காரணம் கணக்கிலேயே உள்ளது. தரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம்தான் என்று வைத்துக்கொண்ட முறையில், வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் பாறைக்கும் அதன் அடியில் குடைந்து செல்லும் குகைக்கும் இடமில்லை. ஒரே புள்ளிக்கு மேலே பாறையும், நடுவே வெளியும், கீழே தரையும் உண்டு என்பதை அந்த எண்ணடுக்கு அறியாது. ஈப்போவின் குகைக் கோயில்களும் பத்துமலையும் அதற்கு எட்டாதவை. பின்வந்த பதிப்புகளில் பாறையைப் பக்கவாட்டில் தள்ளும் வழிகளும் உண்டு. எனினும் குறையைக் கண்டவர் மட்டுமே அவற்றைத் தேடிச் செல்வர்.

அவளுக்குக் கிடைத்த இந்தத் தோல்வி பெரும்பேறு. சரிந்த மலையை ஏற்றுக்கொண்டு சூரியனை இறக்கியிருந்தால் அழகிய படம் ஒன்று கிடைத்திருக்கும்; பாராட்டும் கிடைத்திருக்கும். ‘இது நான் கண்ட குன்று அன்று’ என்று அவள் மறுத்தாளே, அந்த மறுப்பில் கலைநோக்கு பிறந்துவிட்டது. மறுத்தபின் அவள் மீண்டும் குன்றின் முன்னே போய் நிற்கிறாள். இதுவரை கண்ணில் படாதவை படுகின்றன. குன்று சமதரையிலிருந்து திடீரென்று எழுகிறது. வெண்சாம்பல் நிறப் பாறை முகத்தில் செம்பழுப்புக் கறைகள் வழிந்துள்ளன. உச்சியில் புதர்கள் அடர்ந்திருக்க, செங்குத்தான இடங்கள் மொட்டையாக உள்ளன. ஏன் இவ்வாறு? மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. அடியில் அரித்துக் குடைகிறது. அருகேயுள்ள குளங்கள் இயற்கையாகத் தோன்றியவை அல்ல, ஈயம் தோண்டி எடுத்த பள்ளங்கள் என்பது நினைவுக்கு வருகிறது. அவற்றின் கரையில் ஏன் புல்லுக்குப் பதிலாக வெண்மணல் கிடக்கிறது என்பதும் விளங்குகிறது. 1985இல் ஈய விலை வீழ்ந்து சுரங்கங்கள் பல மூடப்பட்டபின் எஞ்சிய நீர் அது. மென்பொருளில் ‘ஏரி’ என்னும் பொத்தானை அழுத்தும்போது இத்தனையும் அவள் விரல் நுனியில் வந்து நிற்கும்.

தோட்டப்புறத்தைப் படைக்க முயலும் மாணவனுக்கும் இதுவே நேரும். மென்பொருள் மரங்களைக் காட்டில் உள்ளவாறு ஒழுங்கின்றித் தூவும். பால்மரங்கள் அப்படி நிற்பனவா? அவை நிரை பிடித்து நிற்கின்றன. சரிவான நிலத்தில் மலையின் வளைவை ஒட்டிப் படிப்படியாக வெட்டிய தளங்களில் அந்த நிரைகள் செல்கின்றன. காட்டை அழித்து, மண்ணை வெட்டி, கன்று நட்ட கைகள் பல தலைமுறைத் தமிழர்களின் கைகள். ஆண்டின் தொடக்க மாதங்களில் இலைகள் செம்பு நிறமாகி உதிர்கின்றன. வெப்ப நாட்டிலும் ஓர் இலையுதிர் பருவம் உண்டு என்பதை வெளிநாட்டுப் படங்களிலேயே இலையுதிர் காலத்தைக் கண்ட மாணவன் வியப்போடு அறிகிறான். விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்வோருக்கு வழிகாட்டிய சிறு விளக்கின் ஒளி எவ்வளவு தொலைவு எட்டியது என்பதை அவன் தன் பாட்டியிடம்தான் கேட்டறிய வேண்டும். அந்த நிரைகள் பல இன்று செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் விட்டுவிட்டன. ஆகவே அவன் கண்ணால் மட்டும் கண்டு முடிக்க இயலாது. பிறர் நினைவின் வழியாகவும் காண வேண்டியுள்ளது. தமிழ் இலக்கணம் தொழிலையும் நிலத்தின் கருப்பொருளுள் சேர்த்ததன் பொருத்தம் இங்கே தெரிகிறது.

இதனால், கண்டதைக் கண்டவாறே படியெடுப்பதுதான் கலைநோக்கு என்று கொள்ளுதல் கூடாது. எங்கும் இல்லாத நிலத்தைப் படைப்பவனுக்கும் அந்நிலத்தின் உள்நீதி தெரிந்திருக்க வேண்டும். தொடக்ககால ஃபிராக்டல் மலைகள் எப்பக்கமும் ஒரே கரடுமுரடாக இருந்தன. அவற்றின் பள்ளங்கள் எங்கும் சென்று சேரவில்லை. உண்மை மலையில் ஒவ்வொரு பள்ளமும் அடுத்த பள்ளத்தோடு இணைந்து ஆற்றை நோக்கி இறங்கும்; நீர் அவ்வாறு அறுத்துச் சென்றிருக்கும். 1989இல் கெண்டன் மஸ்கிரேவும் உடன் உழைத்த இருவரும், கணினி மலையின்மேல் மழை பெய்து மண் அரிக்கப்படுவதைக் கணக்கிட்டுச் சேர்க்கும் முறையை வெளியிட்டனர். மலைகள் உடனே பழமை உடையனவாகத் தோன்றின. அவர்களும் முதலில் ஏதோ ஒன்று குறைகிறது என்று கண்டவர்களே. அக்குறை கணித நூலில் எழுதப்பட்டிருக்கவில்லை, மலையில் எழுதப்பட்டிருந்தது.

கண்ணைப் பழக்கியவர்களின் வழிகளையும் எண்ணிப் பார்க்கலாம். 1821ஆம், 1822ஆம் ஆண்டுகளில் ஜான் கான்ஸ்டபிள் இலண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் வானத்தை மட்டும் பலமுறை தீட்டினார். அச்சிறு படங்கள் பலவற்றின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்று வீசிய திசையையும் குறித்து வைத்தார். அவர் ஏற்கெனவே தேர்ந்த ஓவியர். நாற்பது வயதைக் கடந்தவர். கைக்குப் பயிற்சி தேவைப்படாத நிலையிலும் கண்ணுக்குத் தேவைப்பட்டது. 1952இல் சிங்கப்பூரிலிருந்து லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய நால்வர் பாலித் தீவுக்குச் சென்றதும் இத்தகையதே. சீன மையோவிய மரபையும் ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையையும் அறிந்தவர்கள் அவர்கள். அறிந்த முறைகளுக்குத் தென்கிழக்காசிய மண்ணில் என்ன வேலை என்பதைத் தேடியே பயணம் போனார்கள். மென்பொருள் கற்கும் மாணவனிடம் கான்ஸ்டபிளைப் போல் ஒரு குறிப்பேடு இருக்குமானால், அதில் ஒரு வாரத்து வானம் மட்டும் எழுதப்பட்டிருக்குமானால், மேகத்தின் உயரத்தையும் அடர்த்தியையும் குறிக்கும் எண்கள் அவனுக்குப் பொருள் உடையனவாகும். குறிப்பேடு இல்லாதவன் எண்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, கவர்ச்சியாகத் தெரியும் இடத்தில் நிறுத்துகிறான்.

கவர்ச்சி மட்டுமே அளவுகோலாகும்போது நேரும் தீங்கு ஒன்றைக் கூறாமல் விடுவதற்கில்லை. நிலக்காட்சி மென்பொருள்கள் பலவற்றில் காற்றின் மங்கலைக் கூட்டும் வசதி உண்டு. அதனைக் கூட்டினால் தொலைவிலுள்ள மலைகள் மெல்ல மறையும். சூரியன் செந்நிற வட்டமாகத் தொங்கும். மிக அழகிய காட்சி. 1997இலும் 2015இலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மக்கள் இத்தகைய சூரியனைக் கண்டனர். சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளும் கரிமண் நிலங்களும் எழுப்பிய புகை அது. 2015இல் பள்ளிகள் மூடப்பட்டன. குழந்தைகள் மூச்சுக்குத் திணறினர். அந்தச் செஞ்சூரியனைப் படத்தில் வைக்கக் கூடாது என்று எவரும் தடை விதிக்க வேண்டுவதில்லை. ஆனால் வைப்பவனுக்கு அது இன்னது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து வைத்தால் அந்தப் படம் வேறாகும். அதே எண், அதே நிறம். எனினும் அவன் அதன் கீழே ஓர் ஏரியையும் அன்னத்தையும் வைக்க மாட்டான்.

2022ஆம் ஆண்டுக்குப் பின்னர் இவ்வினா மேலும் கூர்மையடைந்துள்ளது. ஒரு வரியைத் தட்டெழுதினால் முழுப் படத்தையும் தரும் செயற்கை அறிவுக் கருவிகள் மாணவர் கைக்கு வந்துவிட்டன. அவற்றோடு ஒப்பிட்டால் நிலக்காட்சி மென்பொருள் கடின உழைப்பைக் கேட்கும் பழைய கருவியாகவே தோன்றுகிறது. அதில் சூரியனை எங்கே நிறுத்துவது என்றாவது முடிவு செய்ய வேண்டியிருந்தது. இங்கே அதுவும் இல்லை. காணும் கட்டாயம் குறையக் குறையக் காண்பவனின் பொறுப்பு கூடுகிறது. ‘அழகிய மலை’ என்று எழுதுபவனுக்கு எவர் மலையோ கிடைக்கும். ‘அடி குடைந்த சுண்ணாம்புக் குன்று, காலை பத்து மணி, மழை ஓய்ந்த வானம்’ என்று எழுத வல்லவன், கருவியைத் தொடுமுன்னரே பாதி வேலையை முடித்தவன். இங்கே ஓவிய ஆசிரியரின் வேலையில் மொழியாசிரியர்க்கும் பங்கு வந்து சேர்கிறது.

வகுப்பில் இதனைக் கற்பிக்க விரிவான திட்டம் ஏதும் தேவையில்லை. மாணவன் படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது ஆசிரியர் வழக்கமாக ‘நன்றாக இருக்கிறது’ என்கிறார். அதற்குப் பதிலாக, ‘இது எந்த நேரம்?’ என்று கேட்கலாம். ‘இந்த ஆறு எங்கே போகிறது?’ என்று கேட்கலாம். ‘இங்கே யார் வேலை செய்கிறார்கள்?’ என்றும் கேட்கலாம். மென்பொருளின் பெயரையே அறியாத ஆசிரியரும் இவற்றைக் கேட்க இயலும். விடை தெரியாத மாணவன் நாணுவான். சிலர் சினம் கொள்வர், ஏனெனில் மற்றவர் எல்லாம் பாராட்டிய படம் அது. அந்தச் சினத்தைப் பொறுத்துக்கொள்வது ஆசிரியர்க்கு எளிதன்று.

பெரிய படம் ஒன்றைக் கணக்கிட்டு முடிக்கக் கணினிக்குச் சில வேளைகளில் ஓர் இரவு முழுவதும் ஆகும். ஈப்போ மாணவியின் குன்று அவ்வாறு இரவில் கணக்கிடப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், விடிந்ததும் அவள் முதலில் திரைக்குச் செல்வாளா, சாளரத்துக்குச் செல்வாளா? முந்திய நாள் மழை பெய்திருந்தால் குன்றின் இடையைச் சுற்றி மெல்லிய வெண்முகில் நிற்கும். அவள் படத்தில் முகில் உச்சிக்கு மேலே இருக்கிறது. அதை எவ்வளவு இறக்க வேண்டும் என்று அவள் பாறையில் உள்ள ஒரு புதரை அடையாளம் வைத்து அளக்கிறாள். பிறகு போய் எண்ணை மாற்றுகிறாள். கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.